சாமிக்கு ஆகாத கிடாய்

என் மேலுதடு பிறக்கும்போதே பிளந்திருந்தது. இப்போது தையல் போட்ட தழும்பு மட்டும்தான். ஆனால் அந்தத் தையல் எனக்குக் கல்யாணமாகி, ஒரு பிள்ளையும் பெற்ற பிறகுதான் வந்தது. அதுவரைக்கும் பிளந்த உதட்டோடுதான் பேசினேன், சிரித்தேன், சண்டை பிடித்தேன். யாருக்காகவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்மேல் யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை.

இலங்கை மலைநாட்டில் ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல்மலை லயத்தில் கடைசிக் காம்பரா எங்களுடையது. தாய் கொழுந்து எடுப்பவள். தகப்பன் தேயிலை ஸ்டோரில், இலை அரைக்கிற மெஷினில் வேலை. எனக்கு மூத்தவன் ஒரு அண்ணன். உதடு சேர்ந்தால்தான் வருகிற எழுத்துகள் எனக்கு வராது. அதனால் அண்ணன் 'அம்மா' என்று கூப்பிடுகிறவளை நான் 'ஆத்தா' என்பேன். அவன் 'அப்பா' என்கிறவரை நான் 'அய்யா' என்பேன். ஒரே காம்பராவில் ஒரே ஆட்களுக்கு இரண்டு பெயர்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாசித்தால் பிள்ளைகள் சிரிக்கும். வாத்தியார் நல்ல மனிதர். வாசிக்கும் முறை என்னிடம் வரும்போது என்னைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். அதுதான் எனக்குச் செய்கிற உதவி என்று நினைத்தார். அப்படித் தாண்டித் தாண்டி, மூன்றாம் வகுப்போடு படிப்பும் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

பிள்ளைகள் 'மூளி' என்று கூப்பிட்டது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கூப்பிட்டவனைக் கல்லால் அடிக்கத் தெரியும். ஆத்தா என் முகத்தை நேராகப் பார்க்கமாட்டாள். அதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. தலை சீவும்போது முதுகுப் பக்கம் உட்கார்ந்துகொள்வாள். சோறு வைக்கும்போது தட்டைப் பார்ப்பாள். அண்ணனைப் பார்த்துப் பேசுவாள்; என்னோடு பேசும்போது அடுப்பைப் பார்ப்பாள். ஆத்தாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு வருஷம் மாரியம்மன் திருவிழாவில் பெண்பிள்ளைகள் மாவிளக்கு எடுத்துப் போனார்கள். நானும் தலைக்குக் குளித்து, பூ வைத்து, வரிசையில் போய் நின்றேன். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா வந்து என் கையிலிருந்த தட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"ஒனக்கு எதுக்குடி தங்கம் இந்தப் பாடு? சாமிக்குக் கொண்டுட்டுப் போறது கொறையில்லாம இருக்கணும்ல. நீ ஓரமா நின்னு கும்புட்டுக்க."

பெரியம்மா கெட்டவர் இல்லை. தங்கம் என்று சொல்லித்தான் தட்டைப் பிடுங்கினார். ஆத்தா இரண்டு எட்டுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் ராசா வந்தான். ஸ்டோரில் ஓடுகிற வார் ஒன்று அய்யாவின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டது. சட்டையை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டது. மெஷினுக்குக் காவல் நிற்கிற ரோதை முனிக்குத்தான் அய்யா அந்த உயிரைக் கடன்பட்டார். வருகிற ஸ்டோர் பூசைக்கு ஒரு கிடாய் வெட்டுவதாக நேர்ந்துகொண்டு, தாயில்லாத குட்டி ஒன்றைக் கம்பளிக்குள் வைத்துத் தூக்கி வந்தார். விசுக்கோத்து நிறம். நிற்கவே தெரியாத கால்கள். பால் கொடுக்கிறது, புல் அறுத்துப் போடுகிறது எல்லாம் என் வேலையானது.

ராசா என்ற பெயர் நான் வைத்தது. எனக்குச் சுத்தமாகச் சொல்ல வரும் பெயர். ஒரு தரம் கூப்பிட்டால் எந்த மலையில் நின்றாலும் திரும்பிப் பார்ப்பான். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைத் திருப்பிக் கேட்காமல் புரிந்துகொண்ட முதல் ஆள் அவன். வந்து என் முகத்தை, உதட்டை, பிளவை எல்லாம் நக்குவான். அவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

அவன் முனிக்கு நேர்ந்த கிடாய் என்று எனக்குத் தெரியும். மழை வரும் என்று தெரிவதைப் போலத் தெரியும். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

பூசைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, காவல்காரருடைய நாய் அவன்மேல் பாய்ந்து இடது காதில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, புண் ஆறிய பிறகு அய்யா பூசாரியைக் கூட்டி வந்தார். பூசாரி குனிந்து பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

"இது ஆகாதுங்க. மூளிக் கெடா. கொறை உள்ளத வெட்டுனா முனி ஏத்துக்காது."

"காதுதானுங்களே, சாமி? மத்தபடி நல்லா..."

"நீங்க பொண்ணு கட்டப் போனா, காதுதானேன்னு விட்டுருவீங்களா? வேற பாருங்க."

அய்யா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் இரண்டு சேவலை அறுத்து, கிடாய் அடுத்த வருஷம் என்று முனியிடம் தவணை கேட்டார். நானோ மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்கரைக்கு ஓடி, யாரும் பார்க்காமல் குதித்தேன். குறை என்பது மாவிளக்கு வரிசையில் என்னைச் சுட்ட சொல்தான். ராசாவுக்கு அதே சொல் உயிரைக் கொடுத்துவிட்டது. சாமிக்கு ஆகாமல் போவதில் இத்தனை லாபம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

லயத்துப் பிள்ளைகள் உடனே பாட்டுக் கட்டிவிட்டார்கள்.

"மூளிக்கு மூளி சோடி, முனிக்கு ரெண்டும் வேணாம் போடி!"

கல் எடுக்காமல் நானும் சேர்ந்து பாடினேன். பாதி எழுத்து வராவிட்டாலும் உரக்கப் பாடினேன்.

அன்று மாலை அய்யா, "இத வச்சுக்கிட்டு என்ன பண்றது? வித்துறலாமா?" என்று கேட்டார். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த ஆத்தா திரும்பாமலே சொன்னாள்:

"அது பாட்டுக்கு இருக்கட்டும். புள்ள வளத்தது."

எனக்காக ஆத்தா வாய் திறந்ததாக எனக்கு நினைவிருக்கும் முதல் பேச்சு அதுதான்.

தை மாதத்தில் எங்கள் பக்கம் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பொழுது சாய்ந்தால் பனி கொட்டும். விடியலில் புல்லெல்லாம் உப்புத் தூவியதைப் போல வெள்ளையாக இருக்கும். ராசாவுக்குக் கொட்டிலில் நடுக்கம் எடுத்தது. அப்போது மலையில் தேயிலைக்கு உரம் போடுகிற காலம். உரம் காலியான சாக்குகளைப் பெண்கள் கொண்டுவந்து பீலியில் அலசுவார்கள். மூன்று தண்ணீராவது பார்க்க வேண்டும். கை எரிகிறது நிற்கும்வரை அலசிக் காயவைத்தால் இடுப்பில் கட்டலாம், கீழே விரிக்கலாம். எங்கள் பாயும் படுக்கையும் அதுதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆத்தா கொண்டுவந்த சாக்கு ஒரு தண்ணீர்தான் பார்த்திருந்தது; வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்தது. பனி இறங்கப் போகிறது என்று பார்த்தவள், சாக்கு ஊசியை எடுத்து வாசலில் உட்கார்ந்தாள். கால் நுழைக்க ஓட்டை வெட்டி, கழுத்துக்கு மடிப்பு வைத்து, ராசாவுக்கு ஒரு கோட்டுத் தைத்தாள். அதை மாட்டிவிட்டதும் அவன் தலையை நிமிர்த்திக்கொண்டு வாசலில் இப்படியும் அப்படியும் நடந்தான்.

"பாருடி, மல பாக்க வந்த கண்டாக்கையா மாதிரி இருக்கான்!" என்றாள் ஆத்தா.

கோட்டுப் போட்டுக்கொண்டு மலை வேலையை மேற்பார்க்க வருகிற அந்த உத்தியோகத்தரை நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆத்தாவும் சிரித்தாள். சிரித்தபடி என் முகத்தைப் பார்த்தாள். நேராக, கொஞ்ச நேரம். ராசாவின் கோட்டைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிலில் விட்டேன்.

விடிந்து போய்ப் பார்த்தால் அவன் பக்கவாட்டில் கிடந்தான். வயிறு உப்பிப் பறை மாதிரி இருந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. கோட்டின் கழுத்துப் பக்கம் நூல் நூலாகச் சப்பித் தின்றிருந்தான்.

பெரியம்மா ஓடிவந்து சாக்கை முகர்ந்து பார்த்தார். நாக்கு நுனியில் தொட்டுத் துப்பினார்.

"அடிப்பாவி, உரம் போகவே இல்லியேடி இதுல! உப்புக்கரிக்கவும் தின்னுருக்கு."

ஆத்தா கத்தியை எடுத்தாள். கோட்டை அறுத்து எறிந்தாள். புளியைக் கரைத்துக் கொண்டுவந்து அவன் தலையை மடியில் வைத்து ஊற்றினாள். பாதி உள்ளே போனது, பாதி அவள் சேலையில் வழிந்தது. அதற்குள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு அடித்துவிட்டார்கள். லயத்துப் பெண்களெல்லாம் கூடையை மாட்டிக்கொண்டு, அன்றைய சம்பளத்துக்குப் பேர் கொடுக்க ஓடினார்கள். ஆத்தா அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் வராதவர்களைத் தேடிக்கொண்டு கங்காணி லயத்துக்கே வந்தார்.

"என்னா, பெரட்டுக்கு வரலியா?"

"வரலைங்க."

"ஆட்டுக்குட்டிக்குக் காச்சலா? ரெண்டு கால் உள்ளதுக்கே லீவு இல்ல, நாலு காலுக்குக் கேக்கிறியா? பேரு விழாது, சொல்லிட்டேன்."

"விழாட்டிப் போகுதுங்க."

கங்காணியை எதிர்த்து ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. ஆத்தா பேசுவாள் என்று கனவிலும் நினைத்ததில்லை. பெரியம்மா பதறிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"புத்தி கெட்டுப் போச்சாடி? எந்திரிச்சுப் போ. குட்டிய என் மருமக பாத்துக்குவா. போடி!"

ஆத்தா தலையைத் தூக்கிப் பெரியம்மாவைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் போன்னுதான் சொன்னீங்க அக்கா. போனேன்ல?"

பெரியம்மாவின் கை தானாக விலகியது. கூடையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். ஆத்தா என்றைக்கு, எங்கே போனாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. ராசாவின் கண் என்மேல் இருந்தது. நான் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெயில் லயத்து வாசலுக்கு வருவதற்குள் அவன் கால்கள் நின்றுவிட்டன.

இரவு வேலை முடிந்து அய்யா வந்தார். அவர் பின்னாலேயே ஸ்டோர் ஆட்கள் இருவர். ஒருவர் கையில் கத்தி.

"இன்னும் சூடு இருக்கு அண்ணே. அறுத்துக் கூறு போட்டுறலாம். வீணாத்தானே போகுது?"

கறி கண்டு எத்தனையோ நாளாகியிருந்த லயம் அது. அய்யா ஆத்தாவைப் பார்த்தார்.

"நஞ்சு ஏறுன கறி. யாரு வீட்டுப் புள்ளைக்கும் குடுக்க மாட்டேன்," என்றாள். அய்யா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்திப் பக்கம் போனார்.

மண் தள்ளும்வரை நான் அழவில்லை. தள்ளி முடிந்ததும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஆத்தா, இவன் ஆகாதுன்னாங்களே. யாரு எடுத்தா இவன?"

ஆத்தா மண் படிந்த சேலையோடு என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"சாமி எடுக்கலடி. எல்லாம் நாந்தான். எல்லாமே இந்தக் கைதான்."

அப்படிச் சொல்லிவிட்டு அந்தக் கையை என் வாய்மேல் வைத்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். அவை என் உதட்டின் பிளவில் வந்து நின்றன. நான் சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தேன். வாயை மூடு என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மூடிக்கொண்டேன்.

முதல் பிள்ளை என் வயிற்றில் இருந்தபோது பெரியம்மாதான் அதைச் சொன்னார். நான் ஆத்தா வயிற்றில் இருந்த வருஷம், வேலை நேரத்தில் பெரிய சூரிய கிரகணம் ஒன்று வந்ததாம். கர்ப்பிணி அந்த நேரத்தில் வெட்டக் கூடாது, ஒடிக்கக் கூடாது, கிள்ளக் கூடாது. மீறினால் பிள்ளையின் உடம்பில் பின்னம் வரும் என்பார்கள். மற்ற இடங்களில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்தால் முடிந்தது. எங்களுக்குக் கிள்ளுவதுதான் சோறு. ஆத்தா பெரட்டில் நின்று அரை நாள் விடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். பேர் விழாது என்றாராம் கங்காணி. போடி, அரிசிக்கு எங்கே போவே என்று சொல்லி அனுப்பியது பெரியம்மா. மலையில் வெளிச்சம் மங்க மங்க, அழுதுகொண்டே கொழுந்து கிள்ளினாளாம் ஆத்தா. நான் பிறந்ததும் லயமே வந்து என் உதட்டைப் பார்த்துவிட்டு, அவள் விரலைப் பார்த்திருக்கிறது.

கண்டி ஆஸ்பத்திரியில் எனக்குத் தையல் போட்ட டாக்டரிடம் இதைக் கேட்டேன். கிரகணத்துக்கும் உதட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அம்மா, யார் செய்த குற்றமும் இல்லை என்றார். அதைக் கேட்பதற்கு ஆத்தா இல்லை.

குழிக்கரையில் வாயை மூடிய நான், சொன்ன சொல் கேட்கிற பிள்ளை என்று காட்டுவதற்காக நாள்கணக்கில் ஆத்தாவோடு பேசாமல் இருந்தேன். சோறு வைத்துவிட்டு அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.