ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாகும் குரங்குகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "மேப் போடுறேன்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். லண்டனில், நோர்பரியில், ஒரு மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, பிரேசில் காடுகளில் செத்துக் கிடக்கும் குரங்குகளின் படங்களைப் பார்த்து, அவை எங்கே செத்தன என்று வரைபடத்தில் புள்ளி வைப்பது என் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து, இரண்டு நாள் ரயிலேறி ஆய்வுக்கூடத்துக்கு.

எல்லாம் மஞ்சள் காய்ச்சலுக்காக. காமாலை இல்லை, இது வேறு. கொசு கொண்டுவருவது. மர உச்சியில் இருக்கும் கொசு குரங்கைக் கடிக்கும், அதே கொசு மரத்தடியில் விறகு பொறுக்கும் மனிதனையும் கடிக்கும். குரங்கிடமிருந்து நேராக மனிதனுக்கு ஒட்டாது. ஆனால் ஊளைக்குரங்கு என்று ஓர் இனம் இருக்கிறது, செம்பட்டை முடியும் தாடியுமாக. இந்தக் காய்ச்சல் வந்தால் அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆகவே காட்டில் ஊளைக்குரங்குகள் விழ ஆரம்பித்தால், அடுத்தது பக்கத்து ஊர் மனிதர்கள் என்று அர்த்தம். மனிதர்களுக்குத் தடுப்பூசி உண்டு, ஒன்று போட்டால் போதும். ஆனால் அது உடம்பில் பிடிக்கப் பத்து நாள் ஆகும். அந்தப் பகுதியில் ஊர்கள் நிறைய, ஊசிக் குழுவோ ஒன்றே ஒன்று. அவர்கள் முதலில் எந்த ஊருக்குப் போவது என்பதை என் புள்ளிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

படங்களை அனுப்புவது காட்டோரத்தில் வசிக்கும் சாதாரண மக்கள். கைபேசியில் ஒரு செயலி. படத்தை ஏற்றி, எத்தனை குரங்கு, என்ன நிலையில் இருக்கிறது என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். இடத்தையும் நேரத்தையும் செயலியே எடுத்துக்கொள்ளும். பாதிப் பேர் அனுப்பும் படங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கட்டைவிரல் மறைத்த படம், ஆடிப்போன படம், குரங்கை விட்டுவிட்டு நாயை எடுத்த படம். ஒருவர் மட்டும் விதிவிலக்கு. பெயர் எனக்குத் தெரியாது, திரையில் ஓர் எண்ணாகத்தான் வருவார். குரங்கின் அளவு தெரியவேண்டும் என்று தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தெளிவாகப் படம் எடுப்பார். நான் அவருக்குப் பூட்ஸ்காரர் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஒரு பிப்ரவரி மாதம் பூட்ஸ்காரரிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு படங்கள் வந்தன. அடுத்த ஞாயிறு மூன்று. அதற்கடுத்த ஞாயிறு இரண்டு. எல்லாம் ஒரே இடத்திலிருந்து, ஒரு குன்றின் உச்சியிலிருந்து. ஒரே இடம், ஒரே கைபேசி என்றால் எங்கள் மென்பொருள் அவற்றை நகல் என்று எடுத்துக்கொண்டு, "ஒன்றாகச் சேர்க்கவா?" என்று கேட்கும். நானும் மகராசியாய் ஆமாம் என்று அமுக்கிவிட்டேன். ஏழு குரங்குகள் ஒரு புள்ளியாயின. அந்தப் புள்ளியைப் பார்த்து, குன்றின் மேலிருந்த சிற்றூருக்குப் புதன்கிழமை ஊசிக் குழு போவதாக முடிவாயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை தேநீரோடு உட்கார்ந்தபோது அந்தச் சந்தேகம் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. அது என்ன, வாரம் முழுக்க உயிரோடு இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சாகிற குரங்கு? செயற்கைக்கோள் படத்தில் குன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு தேவாலயம், ஒரு கடை, கொஞ்சம் வீடுகள். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மரத்தை விட்டு இறங்கவே யோசிக்கிற பிராணி, காய்ச்சலோடு மொட்டைக் குன்றில் ஏறி, தேவாலயத்து வாசலில் வந்து ஏன் சாகவேண்டும்?

அன்று காலை நான் வேறெதுவும் செய்யவில்லை. யாராவது விஷம் வைக்கிறார்களோ என்று யோசித்தேன். குரங்குதான் நோயைப் பரப்புகிறது என்று பயந்து அவற்றை அடித்துக் கொல்பவர்களும் உண்டு. ஞாயிறு விடுமுறை நாள். ஒருவேளை பூட்ஸ்காரரே கொன்று கொண்டுவந்து படம் எடுக்கிறாரோ? அங்கே எங்களோடு வேலை செய்யும் விலங்கு மருத்துவருக்கு அப்படியே ஒரு மின்னஞ்சலும் தட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நல்லவேளை, அனுப்புவதற்கு முன்னால் படங்களை இன்னொரு முறை பார்க்கலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் நிழல் கண்ணில் பட்டது. படம் எடுத்தவரின் நிழல் குரங்கைத் தாண்டி நீளமாக விழுந்திருந்தது. பக்கத்துப் புல்லில் பனித்துளி. ஆனால் செயலி காட்டிய நேரமோ நடுப்பகலை ஒட்டியது. அங்கே அது கோடைக்காலம், உச்சி வெயிலில் நிழல் காலுக்குக் கீழேதான் கிடக்கும். இன்னொரு படத்தில் ஈரப் பாறையும் காட்டு நிழலில் வளரும் பெரணிச் செடியும் இருந்தன. மொட்டைக் குன்றில் பெரணி எங்கிருந்து வந்தது? தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். வயதானவர்களின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துவிட்டு வருகிற வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது லண்டன் ரோட் கடையில் வாங்கிய மட்டன் ரோல்ஸில் இரண்டு எனக்கு வரும். அன்று ரோல்ஸோடு கோபமும் வந்தது.

"விசர் பிடிக்குது தங்கச்சி. போன்ல கண்டறியாத ஒரு அப் குடுத்து வைச்சிருக்கிறாங்கள். வீட்டுக்குள்ள போனா பட்டனை அமத்தவேணும், வெளிய வந்தா அமத்தவேணும். அந்தக் கிழவியின்ர வீட்டுக்குள்ள சிக்னலே இல்லை. நான் என்ன செய்யிறது? பஸ் ஸ்டொப்புக்கு வந்து நிண்டு எல்லாத்தையும் ஒண்டா அமத்திறனான். இண்டைக்கு ஒஃபிஸ்காரன் போன் எடுத்துக் கேக்கிறான், நீங்கள் பஸ் ஸ்டொப்பில வைச்சே நாலு பேரைக் குளிப்பாட்டினனீங்களோ எண்டு!"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீர்?"

"அக்கா, அந்தக் குரங்கெல்லாம் பஸ் ஸ்டாப்ல சாகலக்கா."

"ஆர் சொன்னது பஸ் ஸ்டொப்பில குரங்கு செத்ததெண்டு?" என்று அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினேன். எங்கள் செயலி படம் எடுத்த இடத்தைக் குறிப்பதில்லை, படத்தை அனுப்பிய இடத்தையும் நேரத்தையும்தான் குறிக்கிறது. பூட்ஸ்காரரின் காட்டில் சிக்னல் இல்லை. வாரமெல்லாம் எடுத்த படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஞாயிறு பூசைக்குக் குன்றேறும்போது அனுப்புகிறார். அக்கா ரோல்ஸைக் கடித்தபடி யோசித்துவிட்டு, "அப்ப அந்தாள் இருக்கிற இடம் எது?" என்று கேட்டார். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. குரங்குகள் எங்கே செத்தன என்பதும் தெரியவில்லை. நாளை மறுநாள் குழு தப்பான ஊருக்குப் போகப்போகிறது என்பது மட்டும் தெரிந்தது.

விலங்கு மருத்துவரை அழைத்தேன். பொறுமையான பெண். நான் மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "குன்றின் மேலே இருப்பவர்களுக்கு ஏற்கெனவே பெரும்பாலும் ஊசி போட்டாகிவிட்டது. புள்ளி அங்கே இருந்ததால்தான் விட்டுப்போனவர்களுக்காக மறுபடி போகிறோம்," என்றார். ஞாயிறு வரை பூட்ஸ்காரருக்கு அழைப்பு போகாது. அதனால் மருத்துவரே செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஜீப்பில் கிளம்பி, தேவாலயத்துக் கடையில் விசாரித்து, குன்றின் மறுபக்கம் இறங்கி அவரைக் கண்டுபிடித்தார். படம் எடுத்த ஒவ்வொரு இடமும் பூட்ஸ்காரருக்கு நினைவிருந்தது. கூட்டிப்போய்க் காட்டினாராம்.

அன்று மாலை எனக்கு ஏழு இடங்கள் வந்தன. வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழு புள்ளிகளும் ஓர் ஓடையை ஒட்டிக் கோடாக இறங்கின. முதல் வாரத்துக் குரங்குகள் மேலே, காட்டுக்குள். மூன்றாம் வாரத்தவை ஓடை முடியும் இடத்தில். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பதினொரு வீடுகள். அவற்றில் ஒன்று பூட்ஸ்காரருடையது. வண்டிப் பாதை இல்லாத இடம், அதனால் ஊசிக் குழு அங்கே போனதே இல்லை. அவருக்கும் ஊசி போடவில்லை. குரங்கு தேடி நாள் தவறாமல் அந்தக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தவர் அவர்தான்.

எங்கள் படிவத்தில் குரங்கின் வயது, பால், பல்லின் நிலை என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. அனுப்புகிறவர் ஊசி போட்டிருக்கிறாரா என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். முதல் ஞாயிறே நான் ஆமாம் என்று அமுக்காமல் படங்களைச் சரியாகப் பார்த்திருந்தால் இந்நேரம் அந்தப் பதினொரு வீடுகளும் பத்து நாளைத் தாண்டியிருக்கும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை குழு குன்றை விட்டுவிட்டு ஓடைப் பக்கம் நடந்து போனது. வியாழன் மாலைக்குள் பதினொரு வீடுகளிலும் எல்லோருக்கும் ஊசி. இனி பத்து நாள் யாரும் காட்டுக்குள் போகக்கூடாது, முக்கியமாகப் பூட்ஸ்காரர் போகக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தப் பத்து நாளும் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஊசி போடுவதற்கு முன்பே கொசு கடித்திருந்தால்? சந்தையில் கீரை வாங்கும்போதும் அதே கணக்கு. நடுவில் வந்த ஞாயிறு படம் எதுவும் வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டுக் காட்டுக்குப் போகாமல் இருக்கிறாரா, இல்லை காய்ச்சலில் படுத்துவிட்டாரா? ரயிலில் போகும்போது அக்காவிடமிருந்து செய்தி வரும்: "உங்கட ஆள் என்னவாம்?" தெரியலக்கா என்று பதில் போடுவேன்.

பத்தாம் நாள் மறுபடி ஞாயிறு. காலையிலிருந்து கணினிக்கு முன்னால்தான் இருந்தேன். மதியம் ஒரு படம் வந்தது. அவருடைய எண். மனுஷர் குன்றேறி வந்திருக்கிறார், உயிரோடு இருக்கிறார்! கண் கலங்கிவிட்டது. படத்தில் ஒரு பெரிய மரமும் கொஞ்சம் வானமும் இருந்தன. பெரிதாக்கி, கிளை கிளையாகத் தேடினேன். குரங்கு இல்லை. எத்தனை என்ற கட்டத்தில் பூஜ்ஜியம். கைதவறி அனுப்பிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, "படத்தில் விலங்கு இல்லை" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துத் தள்ளிவிட்டு, கீழே ஓடினேன். "நல்லா இருக்கார்க்கா!" என்று கத்திய கத்தலில் அக்கா கையிலிருந்த அகப்பையோடு வெளியே வந்தார். "அப்பாடா" என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மருத்துவர் அழைத்தார். பதினொரு வீடுகளிலும் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தோம். பிறகு அவர் கேட்டார்: "நேற்று அவர் அனுப்பிய படத்தை வரைபடத்தில் ஏற்றிவிட்டீர்களா?"

"அந்த மரமா? கைதவறி வந்ததென்று தள்ளிவிட்டேன்."



"கைதவறவில்லை," என்றார். "குன்றிலிருந்து என்னிடம் பேசினார். பத்து நாள் முடிந்ததென்று விடிந்ததும் காட்டுக்குள் போயிருக்கிறார். ஓடை நெடுகத் தேடியிருக்கிறார். அந்தக் குரங்குக் கூட்டம் இருந்த மரம் அதுதான். ஒன்றுகூட மிச்சமில்லை. அதைச் சொல்லப் பார்த்தால் படம் இல்லாமல் படிவம் போகாது என்கிறது செயலி. அதனால் மரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்."

தள்ளிய படங்களின் பட்டியலைத் திறந்தேன். மேலாகவே இருந்தது, பக்கத்தில் காரணமும் அதைத் தேர்ந்தெடுத்த என் பெயரும். எத்தனை என்ற கட்டத்தில் அவர் சரியாகத்தான் நிரப்பியிருந்தார். நான் அந்தப் பூஜ்ஜியத்தைப் படித்துவிட்டுத்தான் தள்ளியிருக்கிறேன்.