பெட்டிக்குக் கீழே நாலு கிண்ணம்

என் மனைவியின் தேனீப் பெட்டிக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. விளாங்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், நாலு இரும்புக் கால்மேல் அது நின்றது. மாடியில் போட்ட பாகற்கொடி பூப்பதோடு சரி, காய் பிடிக்கவே இல்லை. அதற்காக வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போய் இரண்டு நாள் தேனீ வளர்க்கப் பழகி, பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். முதல் வாரமே ஒன்று என் மூக்கில் கொட்டியது. அதன் வாசலை மறித்துக்கொண்டு நின்றது என் தப்பு என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது.

அவள் எதற்கும் திட்டுவாள். பாலை மூடாமல் வைத்தால், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால், ஒரு பாட்டம் திட்டாமல் ஓயமாட்டாள். ஒரு நாள் திட்டு விழவில்லை என்றால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அப்படி நான் தொட்டுப் பார்த்த ஒரு நாள் உண்மையாகவே காய்ச்சல் அடித்தது. அதிலிருந்து ஆரம்பித்து, ஸ்கேன், மறுபடி ஸ்கேன் என்று போய், பங்குனிக் கடைசியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரவு அவள் தங்கை துணைக்கு இருப்பாள். பகலில் நான்.

படுக்கையில் இருந்தபடியே எனக்கு வேலை சொன்னாள். பெட்டியை நான் திறக்கக் கூடாது. இரும்புக் கால்கள் ஒவ்வொன்றும் ஒரு கிண்ணத்தில் நிற்கும். அந்த நாலு கிண்ணத்திலும் தண்ணீர் வற்றக் கூடாது. வற்றினால் எறும்பு ஏறிவிடும்.

"காலையில ஒரு தடவ, மதியம் ஒரு தடவ. அம்புட்டுத்தேன் வேல."

அம்புட்டு வேலையைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. சித்திரை வெயிலுக்குக் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் பாதியாகிவிடும். மதியம் நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தபோது ஒரு கால் முழுக்கக் கட்டெறும்பு. அடுப்படி அலமாரியில் எறும்புப் பொடி இருந்தது. நாலு கிண்ணத்திலும் தாராளமாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். ஒவ்வொரு கிண்ணத்திலும் தேங்காய் மட்டைத் துண்டு ஒன்று மிதந்தது. காற்றில் வந்து விழுந்த குப்பை என்று அதையும் எடுத்து வீசினேன். மறுநாள் காலை பெட்டிப் பக்கம் ஒரு எறும்புகூட இல்லை. இதை ஏன் இத்தனை வருஷமாக அவள் செய்யவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

அதற்கு அடுத்த நாள் பெட்டிக்கு முன்னால் சிமெண்டுத் தரை கறுத்துக் கிடந்தது. கிட்டே போனால் எல்லாம் தேனீ. சில மல்லாந்து காலை உதைத்தன. சில நாக்கை நீட்டியபடி செத்துக் கிடந்தன. கிண்ணத்தின் விளிம்பிலும் நாலைந்து ஒட்டிக் கிடந்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கிண்ணத்தில்தான் அவை தண்ணீர் குடித்திருக்கின்றன. முங்கிப்போகாமல் உட்கார்ந்து குடிக்கத்தான் அவள் மட்டைத் துண்டு போட்டிருக்கிறாள். அதை அவள் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்று என்றால் தண்ணீரைத்தான் ஊற்றுவேன் என்று என்னை நம்பியிருந்தாள்.

இரண்டு நாளில் பெட்டியில் சத்தம் நின்றுவிட்டது. வாடிப்பட்டித் தோப்புக்காரருக்குப் போன் போட்டேன். தேனையும் தேனடையையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது, குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள் என்றார். பின்பக்கம் வேப்பமரத்தடியில் புதைத்தேன். மரம் முழுக்கப் பூத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் அவள் முதலில் கேட்பது பெட்டியைத்தான். தேனீ வந்து போகிறதா, காலில் மகரந்தம் ஒட்டியிருக்கிறதா என்பாள். மஞ்சளாக ஒட்டியிருக்கிறது என்பேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் கஞ்சியைக் குடிப்பாள். அதனால் தினமும் சொன்னேன். போகப் போக எனக்கே நன்றாக வந்தது. பாகற்பூவில் இரண்டைப் பார்த்தேன் என்றுகூடச் சொன்னேன்.

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபோது அதன் அர்த்தம் எங்கள் இருவருக்கும் தெரியும். மாடிப்படி ஏற அவளால் முடியாது. வீட்டுக்கு வந்த மறுநாள், வேப்பம்பூத் தேன் இறங்கியிருக்குமே, தோப்புக்காரரை வரச்சொல்லி ஒரு அடை எடுங்கள், ஒரு கரண்டி வாயில் வைக்க வேண்டும் என்றாள். சரி என்று கடைக்குப் போய் ஒரு பாட்டில் தேன் வாங்கி, கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்தேன். இதைவிடக் கேவலமான காரியம் ஒன்றை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை.

நாக்கில் வைத்தவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள்.

"கசப்பே இல்லையே. இது நம்ம தேன் இல்லைங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். பொடி, மட்டைத் துண்டு, வேப்பமரத்தடி, மகரந்தம். சொல்லி முடித்துவிட்டு, இப்போது ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். ஆரம்பித்துவிட வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ராணியும் போச்சா?"

போய்விட்டது என்றேன். அவள் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பாலை வேண்டுமென்றே மூடாமல் வைத்தேன். ஈரத் துண்டை அவள் கண்ணில் படுகிற மாதிரி கட்டில் ஓரத்தில் போட்டேன். பார்த்தாள். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே அந்த மாதக் கடைசியில் போய்விட்டாள்.

மன்னித்துவிட்டுப் போனாளா, திட்டக்கூட லாயக்கில்லாதவன் என்று விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

பெட்டி மாடியில் காலியாகத்தான் நிற்கிறது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை ஏறி, பொடி போகக் கழுவிய நாலு கிண்ணத்திலும் தண்ணீர் ஊற்றி மட்டைத் துண்டு போடுகிறேன். எங்கிருந்தோ சில தேனீக்கள் வந்து குடித்துவிட்டுப் போகின்றன. சொம்புத் தண்ணீரை நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறேன்.