பின்னால் நிற்பவர்

கணவரைக் கண் டாக்டரிடம் போகச் சொல்லி ஏழு மாதமாகத் தொண்டை வறண்டுபோயிருந்தது வேன்கார அக்காவுக்கு. மூன்று முறை நேரம் வாங்கிக் கொடுத்தார். முதல் முறை அவருடைய கணவருக்குத் திடீரென்று ஒரு அலமாரி வேலை முளைத்தது. இரண்டாம் முறை முதுகு பிடித்துக்கொண்டது. மூன்றாம் முறை ஒரு காரணமும் வரவில்லை. சனிக்கிழமை மாலை அக்காவின் போனுக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு செய்திதான் வந்தது: தாங்கள் கேட்டுக்கொண்டபடி திங்கட்கிழமைச் சந்திப்பு ரத்து செய்யப்பட்டது.

"யார் கேட்டுக்கிட்டது?" என்றார் அக்கா.

சாப்பாட்டு மேஜையில், ரிமோட்டில் பறக்கவிடும் மஞ்சள் விமானத்தின் இறக்கை கிடந்தது. கணவர் அதிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நான்தான். நாளைக்கு மைதானத்துல டெஸ்ட் இருக்கு. அது எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுப் பேசிக்கலாம்."

"விமானம் விட்டுக் காட்டினா கண்ணைக் காட்டின மாதிரி ஆயிடுமா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. இங்க பாரு." தையல் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தார். கண்ணாடி போடாமல் ஒரே தடவையில் நூலைக் கோத்தார். "போன வருஷம் இது முடிஞ்சுதா? முடியல. எனக்குக் கண்ணு இளசாகிட்டு வருது."

இந்த ஊசி வித்தையை அக்கா ஏழு மாதமாகப் பார்த்துவருகிறார். நேரம் வாங்கப் போனபோது மருத்துவமனைக் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் இதைச் சொல்லியும் இருந்தார். கண்புரை வருகிற சிலருக்குக் கொஞ்ச நாள் கிட்டப்பார்வை கூடும், தூரத்துப் பார்வை அதற்குள் போய்க்கொண்டிருக்கும், ஏமாந்துவிடாதீர்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். அதை வீட்டில் சொன்னதற்கு, "கவுன்டர்ல சீட்டு கிழிக்கிற பொண்ணா என் கண்ணுக்கு வைத்தியம் பாக்கப் போகுது?" என்று பதில் வந்தது.

இன்று மறுபடி ஊசியைப் பார்த்ததும் அக்கா அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்குள் வெளியூரில் இருக்கும் மகளுக்கு நான்கு அழைப்புகள் போய்விட்டன.

"உங்க அப்பாகிட்ட சொல்லு, தட்டு வைக்கணும், இறக்கையை எடுக்கச் சொல்லு."

"அம்மா, அவர் உன் எதிர்லதானே உக்காந்திருக்கார்?"

"இருக்கார். நீ சொல்லு."

விமானம் விடுகிற மைதானத்தில் கணவருக்கு மில்லி என்று பெயர். தச்சு வேலை. கதவு சட்டத்தில் இடித்தால் மற்றவர்கள் இழைத்துவிடுவார்கள். இவர் முதலில் குனிந்து, "ஒரு மில்லி இடிக்குது" என்று அறிவித்துவிட்டுத்தான் உளியைத் தொடுவார். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வீட்டுக் கதவுகளோடு மாரடித்துவிட்டு, ஞாயிறு காலையில் தானே செய்த விமானத்தை ரிமோட்டில் பறக்கவிடுவார். பதினைந்து வருடமாக அதற்கு ஒரு ஞாயிறுகூடத் தப்பியதில்லை.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பத்தொன்பது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை. யாரும் அவருக்கு இதையெல்லாம் பாடமாக நடத்தவில்லை. கிளப்புமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வருவார், குனிந்து அடியில் பார்ப்பார், ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகளை வாய்விட்டு எண்ணுவார். பின்னால் ஒரு ஆள் நின்று கைகாட்டாமல் வண்டியைப் பின்னோக்கி எடுக்கமாட்டார்.

மைதானத்துக்கு அவர் முதலில் வந்தது, ஸ்கூட்டரில் கொண்டுபோக முடியாத ஒரு நீள இறக்கையை இறக்கிவிடத்தான். ஊருக்கு வெளியே, குடிநீர்த் தொட்டிகளை ஒட்டிய காலி நிலம் அது. ஓரத்தில் ஒரு நடைபாதை, அதில் காலை நடை போகிறவர்கள். ஐந்தாறு பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாரும் மேலயே பாக்கறாங்களே, கீழ யார் வர்றாங்கன்னு யார் பாக்கறது?" என்று கேட்டார். யாரும் பார்ப்பதில்லை. அவர்களுடைய கிளப்பின் செயலாளர் நில அளவைத் துறையில் வேலை பார்க்கிறவர். எல்லோரும் அவரை சர்வேயர் என்பார்கள். கேள்வி அவரைக் குத்தியது. அடுத்த மாதமே, பறக்கவிடுகிற ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு ஸ்பாட்டர் நிற்க வேண்டும் என்று விதி எழுதிவிட்டார். கேள்வி கேட்டவர் தலையிலேயே வேலையும் விழுந்தது. அன்றிலிருந்து மில்லிக்குப் பின்னால், இடது தோளுக்கு ஒரு அடி தள்ளி, அக்காதான் நிற்கிறார்.

ஸ்பாட்டர் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. "மைதானம் காலி." "பாதையில ஆள் வருது." "மேல இன்னொண்ணு சுத்துது, இறங்குங்க." விமானத்தை ஓட்டுகிறவர் அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, மற்றதையெல்லாம் ஸ்பாட்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இந்த வருடம் அக்கா அதற்கு மேலும் சொல்ல ஆரம்பித்திருந்தார். எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. "ரொம்பத் தள்ளிப் போகுது, திருப்புங்க" என்று ஒருநாள். "இடது சாயுது" என்று இன்னொரு நாள். விமானம் எதிரே வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். புதியவர்கள் அதில்தான் குழம்புவார்கள். அக்கா குழம்பியதில்லை. மனதுக்குள் விமானத்தில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்.

சொன்னவுடன் விமானம் திரும்பியது. அதுதான் அக்காவுக்கு உறுத்தியது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் தான் சொன்ன எதையும் அந்த மனிதர் சொன்னவுடன் செய்ததில்லை.

இன்னொன்றும் இருந்தது. இறக்கையின் அடிப்பக்கத்தில் விரல் அகலத்தில் இருந்த கறுப்புப் பட்டைகளை மில்லி இந்த வருடம் இரண்டு முறை அகலப்படுத்தினார். இப்போது அவை உள்ளங்கை அகலம். "சும்மா, அழகுக்கு" என்றார். கதவில் ஒரு பூ செதுக்கச் சொன்னாலே முகம் சுளிக்கிற மனிதர்.

இந்த நிலையில்தான் வருடாந்தர டெஸ்ட் வந்தது. கிளப்பில் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை சர்வேயர் முன்னால் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும். இரண்டு சுற்று, ஒரு எட்டு, இரண்டு கொடிகளுக்கு நடுவே இறக்கம். தவறினால் தனியாகப் பறக்கவிட முடியாது. கற்றுக்கொள்கிறவர்களைப் போல இன்னொருவரின் ரிமோட்டோடு கேபிள் போட்டுத்தான், தவறினால் அவர் வாங்கி ஓட்டிக்கொள்ளும்படி. டெஸ்ட்டில் ஸ்பாட்டர் ஆட்களையும் மற்ற விமானங்களையும் பற்றி மட்டும் பேசலாம். ஓட்டச் சொல்லித் தரக்கூடாது.

மில்லி தேறிவிட்டால் என்ன ஆகும் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். சர்வேயரே கையெழுத்துப் போட்டுவிட்டார், அப்புறம் கண் டாக்டர் எதுக்கு? இன்னும் ஒரு வருடம் இந்த ஊசியும் நூலும்.

ஞாயிறு காலை ஏழரைக்கு வேன் மைதானத்துக்குப் போனது. பேசாமல் இருக்கலாம், போகாமல் இருக்க முடியாது. தான் போகாவிட்டால் அந்தத் தோளுக்குப் பின்னால் நிற்க வேறு ஆள் இல்லை.

மில்லி விமானத்தை அங்கிருந்த மேஜையில் வைத்து வாலைக் கயிற்றில் மாட்டினார். பிறகுதான் பேட்டரியைச் சொருகினார். இறக்கை மடல்களையும் வால் மடல்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். முப்பது தப்படி நடந்துபோய் ரிமோட்டின் எட்டும் தூரத்தைச் சோதித்தார். ரிமோட்டை அணைத்து, மோட்டார் தானாக நிற்கிறதா என்று பார்த்தார். ஒன்றையும் விடவில்லை. விமானத்தை இவ்வளவு சோதிக்கிறவர் தன்னைச் சோதிக்க விடமாட்டேன் என்கிறாரே என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு பேரும் சண்டையா?" என்றார் சர்வேயர்.

"இல்லையே" என்றார்கள் இருவரும், வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

சர்வேயர் கொடிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார், நாற்பது தப்படி தள்ளி. காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது, இங்கே பேசுவது அங்கே எட்டாது.

"மைதானம் காலி" என்றார் அக்கா. விதிப்படி சொல்ல வேண்டியது, சொன்னார்.

விமானம் எழும்பியது. முதல் சுற்று கிட்டத்திலேயே போனது, சரியாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. எட்டுக்காக மில்லி அதைத் தூரத்துக்கு விட்டார். வெளிறிய வானத்தில் மஞ்சள் கரைந்து ஒரு கோடாக நின்றது. அங்கே திருப்ப வேண்டும். மில்லி திருப்பவில்லை. அவர் தலை லேசாக இடது பக்கம் சாய்ந்தது, சுவருக்கு அப்பால் பேசுவதைக் கேட்கிறவர்போல.

அக்காவுக்கு அப்போதுதான் முழுதும் புரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அக்காவின் குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அக்கா வாயை மூடிக்கொண்டார். தவறட்டும். டெஸ்ட்தானே, காலி நிலம்தானே, விழுந்தால் ஒரு இறக்கை. ஒரு மாதம் ஒட்டிக்கொண்டிருக்கட்டும்.

மில்லியின் கட்டைவிரல் எதையோ முடிவு செய்து வலது பக்கம் தள்ளியது. விமானம் வளைந்து திரும்பி வந்துகொண்டிருந்தது, அவருக்கு அது இன்னும் போகிறமாதிரியே தெரிந்திருக்க வேண்டும், விரலை எடுக்கவில்லை. அது மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நடைபாதையை நோக்கித் திரும்பியது. பாதையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். மேலே பார்க்கவில்லை.

"இடது" என்றார் அக்கா. "இடது கொடு. இன்னும். தூக்கு. தூக்குன்னு சொல்றேன்ல."

விமானம் தூக்கியது. பெண்களுக்கு இருபதடி மேலே போய், நிலத்துக்குள் திரும்பி வந்தது.

"நேரா விடு. மோட்டாரைக் குறை. லேசா வலது... போதும். இப்ப விட்டுடு, அதுவே இறங்கும்."

சக்கரங்கள் இரண்டு கொடிகளுக்கும் நட்டநடுவில் தொட்டன. அவ்வளவு அழகான இறக்கத்தை அந்த மைதானம் அந்த வருடம் பார்த்ததில்லை.

சர்வேயர் சிரித்துக்கொண்டே வந்தார். கையில் அட்டை, அட்டையில் தாள். "எட்டு கொஞ்சம் கோணல்தான். பாதைப் பக்கம் போயிட்டீங்க, அதுக்கு மார்க் குறைப்பேன். ஆனா சட்டுனு மீட்டீங்களே, அதான் அனுபவம். இறக்கம் பிரமாதம்." தேர்ச்சி என்று எழுத ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க சார்" என்றார் அக்கா.

"ஏங்க?"

"இறக்கினது நான்."

"ஸ்பாட்டர் நாலு வார்த்தை சொல்றது சகஜம்தானே. நீங்க விதிக்கு மேல விதியாப் பாக்கறீங்க."

"நாலு வார்த்தை இல்ல சார். முழுக்க நான்தான். கட்டைவிரல் மட்டும்தான் அவரோடது."

மில்லி ரிமோட்டை அணைத்தார். குரல் உயரவில்லை. "இவளுக்கு என் மேல கோவம் சார். நேத்துலேருந்து. அதை இங்க காட்டுறா."

"கோவம்தான்" என்றார் அக்கா. "சார், எதிர்ல இருக்கிற தொட்டியில என்ன நம்பர் எழுதியிருக்குன்னு கேளுங்க."

"இது என்ன பள்ளிக்கூடமா?" என்றார் மில்லி. ஆனாலும் நிமிர்ந்து, கண்ணைச் சுருக்காமல், தயங்காமல் சொன்னார்: "ஏழு. ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கான். இதுகூடத் தெரியாதா?"

சர்வேயர் தொட்டியைப் பார்த்தார். போன மாதமே அதற்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். நம்பர் இல்லை, ஒன்றும் இல்லை, மொட்டைச் சுவர். அவர் மறுபடி அட்டையைப் பார்த்தார். பேனாவை மூடினார், திறந்தார். எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார்.

"நான் உங்க பக்கத்துலயே வருஷக்கணக்கா நிக்கறேன்" என்றார் சர்வேயர் மில்லியிடம். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் கேபிள்தான்."

மில்லி நடந்துபோய் வேனில் ஏறினார். முன் இருக்கையில் அல்ல, கடைசி வரிசையில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற இடத்தில், முழங்கால் மோவாயைத் தொட. அக்கா தனியாக விமானத்தை எடுத்துவந்தார். பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டார். இறக்கையை அவிழ்த்து இருக்கைகளுக்கு நடுவே கிடத்தினார். வேனைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, ஏறினார்.

வேன் முக்கியச் சாலையில் ஏறியது.

"மைதானத்துல நின்னுக்கிட்டு, தூக்கு, குறைன்னு வேலைக்காரன்கிட்ட சொல்ற மாதிரி சொல்ற" என்றார் மில்லி.

அக்கா கியரை மாற்றினார். இரண்டு பேர் தலைக்கு இருபதடி மேலே போனதைப் பற்றி அல்ல, மரியாதையைப் பற்றித்தான் முதல் புகார். "எத்தனை மாசமாத் தெரியும் உங்களுக்கு?"

"மழைக்கு முன்னாடியிருந்து."

"தெரிஞ்சேவா?"

"கிட்ட இருக்கும்போது தெரியும். தள்ளிப் போனா நீ சொல்ற, நான் திருப்பறேன். நல்லாத்தானே போயிட்டிருந்தது."

"இன்னைக்கு நான் வாயைத் திறந்திருக்கலைன்னா?"

"நீ எப்பவும் திறப்பியே."

அக்காவுக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நடந்துபோய்விடலாம் போலிருந்தது. இருபத்தெட்டு வருடம் வாயை மூடு, வாயை மூடு என்று சொன்ன மனிதர், அந்த வாயை நம்பி வானத்தில் ஒன்றைப் பறக்கவிட்டிருக்கிறார். அதுவும் வாய்விட்டுக் கேட்காமல்.

"நான் சொல்றதை நிறுத்தினேங்க" என்றார். "வேணும்னேதான் நிறுத்தினேன். நீங்க தேறக் கூடாதுன்னு நினைச்சேன். அந்த ரெண்டு பேரும் அப்ப பாதையில இல்ல. வந்துட்டாங்க. நான் பாதையைப் பாக்கறதை விட்டுட்டு உங்க கட்டைவிரலைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

பின்பார்வைக் கண்ணாடியில் மில்லியின் தலை மட்டும் தெரிந்தது, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

சிக்னலில் வேன் வலது பக்கம் திரும்பியது.

"வீட்டுக்கு இப்படி இல்லையே."

"அது மட்டும் தெரியுதா?"

கண் மருத்துவமனை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிவரை திறந்திருக்கும் என்று அக்கா நேற்றே கேட்டுவைத்திருந்தார். நேரம் வாங்காமல் போனால் வரிசையில் உட்கார வேண்டும். உட்காரட்டும்.

வாசலில் வேனை நிறுத்தினார். மில்லி கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொரு இருக்கையாகப் பிடித்துக்கொண்டு வந்தார். இறக்கைக்குப் பக்கத்தில் நின்று, பட்டைகளின் மேல் ஒருமுறை கையை ஓட்டினார்.

"இதை வெயில்ல விட்டா மேல ஒட்டின உறை தளர்ந்து சுருக்கம் விழுந்துடும்."

"நிழல்ல நிறுத்தறேன்."

"பேட்டரி?"

"கழட்டியாச்சு. தனிப் பையில இருக்கு. இறங்குங்க, முதல் படி உயரம்."

"தெரியுது" என்றார் மில்லி, இறங்காமல். பிறகு, "நீயும் வா. அவங்க என்னென்னமோ கேப்பாங்க" என்றார்.

"நிறுத்திட்டு வர்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் ஊசி நூல் கதையைச் சொல்லாம இருங்க."