வலதும் வடக்கும்

வெள்ளையன் போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை காலை, மிளகு மூட்டையோடு மலையிலிருந்து இறங்கிய ஆட்கள் என் வாசலில் நின்று சொன்னார்கள். முந்தின நாள் மலைமேல் குண்டூர் நாட்டிலிருக்கும் தம் ஊருக்கு ஏறிக்கொண்டிருந்தவர், பாதி ஏற்றத்தில் சுமையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உப்பு மூட்டையும், மனைவியின் முழங்காலுக்கு வாங்கிய தைலப் புட்டியும் வைத்தபடியே இருந்தனவாம்.

‘அவர்’ என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை ‘அடே வெள்ளையா’ என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு என்னைவிட நாலு வயது அதிகம்.

அடிவாரத்தில் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு வெள்ளையன் என்றால் தெரியாது. ‘வடக்கு’ என்றால் உடனே தெரியும். கார் வேலை, வண்டி வேலை எதுவானாலும் ‘வடக்கைக் கூப்பிடு’ என்பீர்கள். அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று ஒரு கதையும் சொல்லிச் சிரிப்பீர்கள். அந்தக் கதையைக் கட்டிவிட்டவன் நான். அதில் பாதியை மறைத்துத்தான் கட்டிவிட்டேன்.

யுத்தத்துக்கு முந்திய வருஷம் அது. நான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். மலையடிவாரம் வரை ஓட்டிப் போய் வருவேன். பாதை என்று பெயரே தவிர, பாதிக்கு மேல் ஓடைக்கல். காரோடு வந்த வில்பட்டைகள், அதாவது சக்கரத்துக்கு மேலே கனம் தாங்கும் ஸ்பிரிங்குகள், அந்தக் கல்லுக்குத் தாங்காமல் வருஷத்துக்கு இரண்டு தடவை முறிந்தன. கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் தடித்த பட்டை போட்டு வில் செய்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பின்சக்கரங்களுக்கு ஒரு ஜோடி வரவழைத்தேன். மாட்டுவதற்கு வெள்ளையனைக் கூப்பிட்டேன். அவர் அடிவாரத்தில் தங்கி வில்வண்டிகளுக்குப் பட்டை மாற்றிக்கொண்டிருந்தவர். வாரம் ஒருமுறை மலையேறி மனைவியைப் பார்த்துவிட்டு வருவார்.

எங்கள் வண்டிக் கொட்டகையில் காரைக் கிழக்கு முகமாக நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கிக் கட்டைமேல் உட்கார வைத்தோம். நான் உடனே போல்ட்டைக் கழற்றப் பாய்ந்தேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை, ஸ்பானரைப் பிடித்துக்கொண்டார்.

“இருங்க. கனம் கட்டையில எறங்கட்டும். கனத்தை அவசரப்படுத்தக் கூடாதுங்க.”

ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு கட்டை லேசாக முனகி அடங்கியது. அப்புறம்தான் ஸ்பானரை என்னிடம் தந்தார். அந்த அவசரத்தில் நான் கழற்றியிருந்தால் என் விரல்களால் இன்று பேனா பிடிக்க முடிந்திருக்காது.

புது வில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றில் மட்டும் வளைவு அரை விரல் கூடுதல். ஓட்டுகிறவர் உட்காரும் வலது பக்கத்துக்கு அது. கூடவே வந்த இங்கிலீஷ் காகிதத்தில் அப்படிப் போட்டிருந்தது. எங்கள் இருவரில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான். சாக்குக்கட்டியை எடுத்து அந்த வில்லின்மேல் ‘வ’ என்று எழுதினேன். ‘வலது’ என்று முடிக்க இன்னும் இரண்டே எழுத்து. சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். “எழுதியிருக்கேன், பார்த்து மாட்டு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மிளகு மூட்டைகளின் மேல் எழுதியிருப்பதை வாசித்து வாசித்து வெள்ளையன் எழுத்துக் கற்றவர். ஓர் எழுத்தே அவருக்குப் போதும் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் காட்டுவேலையில் யாரும் வலது இடது என்று சொல்வதில்லை. ‘தெக்கால வரப்பு’, ‘வடபுறத் தொட்டி’ என்போம். பந்தியில்கூட ‘கொஞ்சம் மேக்க தள்ளி உக்காருங்க’ என்றுதான் பேச்சு. நானும் அப்படிப் பேசி வளர்ந்தவன்தான். வலதும் இடதும் நான் சேலத்தில் படிக்கப் போய் டிரில் வாத்தியாரிடம் உதை வாங்கிக் கற்றுக்கொண்டவை. வெள்ளையன் அந்த எழுத்தைப் பார்த்தார். ‘வ’ என்றால் வடக்கு. வடபுறத்தில் மாட்டினார். கிழக்கே பார்த்து நிற்கும் காருக்கு வடபுறம் இடது பக்கம். சிறு பிள்ளைக்கும் தெரியும்.

மறுநாள் என் மாமனார் வந்திருந்தார். புது வில்லின் பெருமையைக் காட்ட அவரையும் உறவுக்காரர்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அடிவாரம் போனேன். இறங்கி நின்ற மாமனார் காரைப் பின்னாலிருந்து பார்த்தார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, உங்க காரு ஒருக்களிச்சுப் படுத்திருக்குதுங்களே?”

கார் நான் உட்காரும் பக்கமாகச் சாய்ந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. வெள்ளையன் அங்கே ஒரு வண்டிக்கு அச்சு பார்த்துக்கொண்டிருந்தார். “ஏண்டா, எந்தப் பக்கம் எதை மாட்டினே?” என்று கத்தினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நிதானமாகச் சொன்னார்: “நீங்க ‘வ’ன்னு போட்டிருந்தீங்க. வடபுறத்துல மாட்டுனேனுங்க.”

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தப்பு அவருடையது அல்ல, என்னுடையது என்று தெளிவாகப் புரிந்தது. புரிந்த பிறகுதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். “கேட்டீங்களா மாமா? காருக்கு வடக்காம்! மலையிலே வலது இடது இன்னும் வந்து சேரலை!” என்றேன். மாமனார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் ‘வடக்கு’ என்ற பெயர் அடிவாரம் முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்த நாள் அவர் தாமாகவே வந்து இரண்டு வில்லையும் கழற்றி மாற்றி மாட்டினார். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏனுங்க, வலதுன்னா காருக்கு வலதுங்களா, எதுத்தாப்புல நிக்கற எனக்கு வலதுங்களா?”

“காருக்குத்தான். உன் வடக்கு மட்டும் ஒழுங்கா? கார் திரும்பினா அதுவும் மாறிடுமே!”

“கட்டைமேல நிக்கற காரு எங்கீங்க திரும்பும்?”

அவர் சிரிக்கவில்லை. குனிந்து போல்ட்டை முடுக்கினார்.

இதோடு போயிருந்தால் ஒரு கிண்டல் என்று விட்டுவிடலாம். சில மாதம் கழித்து, அடிவாரத்துக்குப் பஸ் விட்டுக்கொண்டிருந்த முதலாளி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். பஸ்களைப் பழுது பார்க்க அவருக்கு ஒரு பிட்டர் வேண்டும். பஸ் ஷெட்டை ஒட்டி ஓர் அறை வீடும் தருவதாக இருந்தார். வெள்ளையன் அந்த வேலைக்காக ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். மனைவி பொன்னாயிக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது. ஒரு தடவை டோலியில் இறக்கிக் கொண்டுவந்துவிட்டால் தன்னோடு வைத்துக்கொள்ளலாம், வாராவாரம் மலையேற வேண்டாம் என்று என்னிடமே சொல்லியிருந்தார். “நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க” என்றும் சொல்லியிருந்தார்.

முதலாளி கேட்டார்: “ஆளு எப்படிங்க?”

“கை தங்கமான கை” என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். என் நாக்கு நிற்கவில்லை. “ஆனா வடக்குப் பார்த்துத்தான் போல்ட் முடுக்குவான்” என்று சொல்லி, மாமனாரைச் சிரிக்கவைத்த கதையை முழுக்க நடித்துக் காட்டினேன். முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்து, “நம்ம பஸ்ஸு தினமும் திரும்புமுங்களே, நமக்கு ஆகாதுங்க” என்று எழுந்து போனார். ஓடிப்போய், “அந்தத் தப்பு என்னுடையது” என்று சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்கும். நாளை சொல்லலாம் என்று இருந்தேன். அந்த வாரமே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

வேலை ஏன் கிடைக்கவில்லை என்று வெள்ளையன் கேட்கவே இல்லை. யுத்தம் வந்தது, பெட்ரோல் கூப்பன் வந்தது, என் கார் கட்டைமேல் ஏறிக் கொட்டகையில் கிடந்தது. அவர் மட்டும் வாராவாரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். எட்டு வருஷம். போன திங்கட்கிழமை அவர் உட்கார்ந்த பாறை வரைக்கும் அவரை நடக்கவைத்தது எது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

துக்கம் கேட்க மலையேறினேன். கார் போகாத மலை. என் வாழ்நாளில் நான் முழுதாக ஏறியது அதுவே முதல் தடவை. நாலு இடத்தில் உட்கார்ந்தேன். பொன்னாயி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். என் பெயரைச் சொன்னதும் அவரே பேசினார்.

“கார்க்கார ஐயனுங்களா? உங்களைப் பத்தி அவுங்க சொல்லுவாங்க. உங்க எழுத்து முத்து முத்தா இருக்குமாம். ஆனா முழுசா எழுதமாட்டீங்களாம்.”

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. கணவர் சிரித்துச் சொன்ன ஒன்றை நினைத்துச் சொன்னார். ஆக, வெள்ளையனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஊர் சிரித்தபோதும், வேலை போனபோதும், என் கொட்டகைக்கு வந்து வேலை செய்தபோதும் தெரிந்தே இருந்திருக்கிறார். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நான் வாங்கிக் கொண்டுபோன ஒரு தைலப் புட்டியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். அங்கேயும் பேசவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு சொல்தான்: முழுசா எழுதமாட்டீங்க. கிண்டலுக்காக என் எழுத்தைப் படிக்கிறவர்கள் இந்த ஒரு தடவை மன்னிக்க வேண்டும். இதோ முழுதாக எழுதுகிறேன். தப்பு என்னுடையது. குண்டூர் நாட்டு வெள்ளையன் தம் வேலையில் ஒரு தப்பும் செய்யவில்லை. இனி அவரை யாரும் ‘வடக்கு’ என்று சொல்லாதீர்கள்.

இது அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறுவேன். பொன்னாயிக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கு எதிரே உட்கார்ந்து நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.