ஏற ஒரு வண்டி, இறங்க ஒரு வண்டி

போன வாரம் வடபழனி டிப்போவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டேன். பழக்க தோஷம். நியூசிலாந்தில் நான் இருக்கும் சின்ன ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் பல் போன கிழவர்கள் வரை எல்லாரும் இறங்கும்போது ஓட்டுநருக்குச் சத்தமாக ஒரு நன்றி சொல்வார்கள். இந்த டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "இன்னாம்மா, ஸ்டாப்பிங் வுட்டுட்டியா?" இல்லண்ணே, தேங்க்ஸ் சொன்னேன் என்றேன். "இன்னாத்துக்கு?" என்று நிஜமாகவே கேட்டார். பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்த அம்மாள், "எறங்கு கண்ணு, வழில நின்னுக்கினு" என்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார். பிறந்து வளர்ந்த ஊரில் ஒரு பஸ்ஸை விட்டு ஒழுங்காக இறங்கத் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

அசோக் நகர் வீட்டுக்கு வந்து மூன்று மாடி ஏறி உட்கார்ந்தால் போனில் கிரெய்க் அனுப்பிய செய்தி. கிரெய்க் அந்த ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். பேச்சியம்மாள் என்ற என் பெயர் அவன் வாயில் 'பீச்சி' ஆகிவிட்டது. நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். "பீச்சி, ட்ரெயிலா எண்டூரோவா? சனிக்கிழமைக்குள் சொல். கோடை தொடங்கப்போகிறது, இரண்டையும் கேட்டு ஆள் வருகிறது." அங்கே கோடை வரப்போகிறது. இங்கே ஐப்பசி மழையில் காயாத துணி ஹால் முழுக்கத் தொங்குகிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் மலைச் சைக்கிள்தான். ட்ரெயில் வண்டி எடை குறைவு, ஏற்றத்திலும் போகும், இறக்கத்திலும் போகும். எண்டூரோ இறக்கத்துக்கென்றே பிறந்தது. அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் தாராளம், முன்சக்கரம் நன்றாக முன்னால் தள்ளியிருக்கும், பாறையில் விட்டாலும் அசராது. ஆனால் அதை மலையுச்சிக்கு மிதித்துக் கொண்டுபோவதற்குள் தாவு தீர்ந்துவிடும். நான் பால் பண்ணை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். வாரம் முழுக்கக் கண்ணாடிக் குழாய்களோடு கிடந்துவிட்டு, சனிக்கிழமைகளில் ஊருக்குப் பின்னால் இருக்கும் பைன் காட்டுக்குள் போய்விடுவேன். கிளம்பி வருவதற்கு முன்தான் என் பழைய வண்டியின் சட்டம் விரிசல் விட்டது. என் உயரத்துக்குத் தோதாக இந்த இரண்டையும் கிரெய்க் எடுத்து வைத்திருக்கிறான்.

சில நாள் கழித்து, கிரெய்க் அனுப்பியிருந்த வண்டிப் படங்களைச் செல்வி எட்டிப் பார்த்தாள். அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வருபவள் அவள். அடையாறு ஆற்றோரம் இருந்த அவர்கள் வீட்டை அரசாங்கத்தார் இடித்துவிட்டு, பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அங்கேயிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். "ரெண்டும் ஒரே மாறி தானேக்கா கீது? இதுக்கா நாலு நாளா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற?" என்றாள். சைக்கிளுக்காக இல்லை செல்வி என்று சொல்ல வாயெடுத்து, போனைக் கவிழ்த்து வைத்தேன். வண்டி எது என்று சொன்னால் வருகிறேன் என்று அர்த்தம். வேண்டாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். வேலை செய்யும் இடத்திலும் இந்த மாதத்தோடு விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று வாரத்துக்கென்று வந்தவள் நான், அது எப்போதோ தாண்டிவிட்டது. அப்பாவுக்குப் பக்கவாதம், இடது கை, இடது கால். அம்மா போய் வருடங்கள் ஆகின்றன, நான் ஒரே பிள்ளை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ரெடிமேட் கடை போட்டு, காலம் பூராவும் நின்றே வியாபாரம் பார்த்த மனிதர். கடையைச் சித்தப்பா மகன் எடுத்துக்கொண்டான், அதில் கவலையில்லை. ஆனால் லிப்ட் இல்லாத இந்த மூன்றாவது மாடியிலிருந்து அப்பாவால் கீழே இறங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமென்றால் நாற்காலியோடு தூக்கவேண்டும். அப்படித் தூக்குகிற அன்றெல்லாம் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அவரைக் கீழே நடத்திக் கூட்டிப்போக முடிகிற வரைக்கும் என்னால் டிக்கெட் எடுக்க முடியாது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு மூச்சு முட்டுகிறது. பால்கனி கிரில்லுக்கு வெளியே கை நீட்டினால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். போனில் அழைக்கும் சொந்தக்காரர்கள் "எப்பம்மா கிளம்புற?" என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் "அப்பாவை விட்டுட்டா?" என்கிறார்கள். இரண்டில் எதற்குப் பதில் சொன்னாலும் குற்றவாளி நான்தான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சித்தப்பா மகனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் போனேன். சென்னையில் மலை என்றால் மேம்பாலம்தான். மூச்சுவாங்க மிதித்து உச்சிக்குப் போய், இறக்கத்தில் காட்டில் செய்வதுபோல் பெடல்மேல் எழுந்து நின்று, முழங்கையை விரித்து, உடம்பைப் பின்னால் தள்ளினேன். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துக் கேட்டார்: "இன்னாக்கா, சீட்டு ஒடஞ்சிருச்சா?" சிரித்துக்கொண்டே இறங்கி, கீழே நின்று அழுதேன்.

கிரெய்க்கை முதன்முதலில் பார்த்த நாளும் இதேபோல் ஒரு கூத்துதான். அந்த ஊருக்குப் போன புதிது. அவர்கள் 'டுடே' என்பதை 'டு டை' என்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கடைக்குள் நுழைந்ததும் அவன் "டிரையல் பைக் வேண்டுமா?" என்று கேட்டான். அவன் சொன்னது ட்ரெயில். என் காதில் விழுந்தது டிரையல். டிரையல் என்ற சொல்லோடு வளர்ந்தவள் நான். அப்பா கடையில் திரை போட்ட மூலைக்கு டிரையல் ரூம் என்று பெயர், போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். "ஆமாம், டிரையல் மட்டும்தான். வாங்கப் போவதில்லை" என்று கறாராகச் சொன்னேன். அவன் சீட்டை எனக்குத் தக்கபடி இறக்கி, ஹெல்மெட் மாட்டி, மலையைக் கை காட்டினான். நான் கடை வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டுக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவன் அடுத்த கேள்வியைக் கேட்டான்: "எண்டூரோ?" எனக்கு அதுவும் ஆங்கிலத்து 'எண்ட்யூர்' என்றே கேட்டது. பொறுத்துக்கொண்டு இருக்கிறாயா என்று முன்பின் தெரியாத ஒருவன் கேட்கிறானே என்று ஆகிவிட்டது. "ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்" என்றேன். கிரெய்க் வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு உள்ளே போய் இரண்டு கோப்பை டீ போட்டுக்கொண்டு வந்தான். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதம் அது.

அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது வாய் கோணலாக இருந்தாலும் குலுங்கிச் சிரித்தார். "டிரையலுக்கு ரெண்டு உருப்படி தூக்கிட்டுப் போறவ ஒண்ணையும் வாங்க மாட்டா. நான் எத்தனை பேரைப் பாத்துருக்கேன்" என்றார். கடைக்கு வந்தவர்களைச் சொல்கிறாரா, என்னைச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

தினமும் காலையில் மாடிப்படிப் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது இதுதான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலுவில்லாத கால் முதலில். இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு படி கீழே நிற்பேன். காலையே பார்க்காதீங்கப்பா, அடுத்த திருப்பத்தைப் பாருங்க என்பேன். காட்டில் வண்டி ஓட்ட எனக்குச் சொல்லித்தந்ததுதான். இரண்டாம் மாடி வந்ததும், "போதும்ளா, கிறுகிறுன்னு வருது" என்று அப்பா சுவரில் சாய்ந்துவிடுவார். ஒரு நாளும் அதைத் தாண்டியதில்லை. பாவம், முடியவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை செல்வி என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாத. நேத்து நீ கடைக்குப் போனியே, அப்ப பெருசு ஒண்ணாவது மாடி வரைக்கும் எறங்கிட்டாரு. நான் கூட கைய புடிக்கல. உன்னாண்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. செல்வியைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்ற நினைப்புகூட இல்லாமல் நேரே போய் நின்றேன். "ஏன்ப்பா மறைச்சீங்க? நான் இங்க நாளெண்ணிக் கிடக்கிறது உங்களுக்குத் தெரியாதா?"

அப்பா நல்ல கையால் விளங்காத கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தெரு இரைச்சலில் கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில் சொன்னார்: "நான் இறங்கிட்டா நீ ஏறிருவேல்லா?"

பிளேனைச் சொல்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. கோபமெல்லாம் வடிந்துபோய் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொய் சொல்லித் தேற்ற மனம் வரவில்லை. "ஏறத்தான்ப்பா செய்வேன். எனக்கு அங்கேயும் ஒரு வீடு இருக்கு" என்றேன். அன்று மத்தியானம் இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை அவரே கூப்பிட்டார். "ஏளா, செருப்பை எடு."

இரண்டாம் மாடியில் நிற்கவில்லை. முதல் மாடியில் மூச்சு வாங்கினார், ஆனால் சாயவில்லை. இடது கால், பிறகு வலது கால், இடது, வலது. கடைசிப் படியைத் தாண்டி ஈரத் தரையில் இரண்டு காலும் பதிந்ததும், அடக்கி வைத்திருந்தது போல் ஒரு பெருமூச்சு விட்டார். இஸ்திரி வண்டிக்காரர் ஓடிவந்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். "வாங்க மொதலாளி! கடைக்குக் கிளம்பிட்டீங்களா?" என்றார். அப்பாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"அந்தச் சைக்கிள்காரனுக்கு இன்னைக்குத்தானே சொல்லணும்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எது எது என்னன்னு திரும்பச் சொல்லு." சொன்னேன். நாங்கள் மூன்று மாடி இறங்கி வந்த படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். "இறங்குறது மட்டும் சுகமா இருந்தா போதுமா? திரும்பி ஏறி வரணும்லா? ரெண்டுக்கும் ஆகுறதை எடு." அந்த 'திரும்பி' எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை.

போனை எடுத்து ட்ரெயில் என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பார்க்கிறேன், அவசரத்தில் இரண்டு எழுத்து இடம் மாறி டிரையல் என்று போயிருந்தது. திருத்துவதற்குள் மழை தூறத் தொடங்கியது. செல்வி மேலேயிருந்து, "பெருச நனைய வுடாதக்கா!" என்று கத்தினாள்.

முதல் படியில் அப்பா நின்றார். இப்போது நான் ஒரு படி பின்னால், பெல்ட்டை இறுக்கிப் பிடித்தபடி. ஏறும்போது நல்ல கால்தானே என்று கேட்டார். ஆமாம்ப்பா, வலது. என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. கிரெய்க்தான், எப்போது வருகிறாய் என்றுதான் கேட்பான்.

"யாருன்னு பாரு" என்றார்.

"அப்புறம் பாத்துக்கலாம்ப்பா."

"அப்பம் கையையாவது விடுளா. நீ பின்னால பிடிச்சு இழுத்துட்டு நின்னா நான் எப்படி ஏற?"

பெல்ட்டை விட்டேன். அவர் வலது காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தார். கிடுகிடுவென்று ஆடி, பிறகு நின்றார். நான் இரண்டு கைகளையும் அவர் சட்டைக்கு அரையங்குலம் பின்னால், தொடாமலும் எடுக்காமலும், அப்படியே வைத்துக்கொண்டு ஏறினேன்.