நம்பர் போட்ட கற்கள்

சர்வேயர் ஆரோக்கியசாமி இறந்துவிட்டார் என்று ஏரியூர் பஸ்ஸில் வரும்போது போன் வந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "நல்ல மனுசருங்க, கல்லுன்னா உசுரு" என்று உருகினார் போன் செய்தவர். அவர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குத்தான் ஆரோக்கியசாமி பதினோரு மனு எழுதினார். ஒன்றைக்கூட அங்கே யாரும் பிரித்துப் படிக்கவில்லை.

மேட்டூர் அணைத் தண்ணீர் எங்கள் ஊர்ப்பக்கம் தேங்கி நிற்கும் கரையில் பழங்காலத்துக் கல்லறைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை வைத்து மூடியவை. குள்ளர் வூடு என்பார்கள். தண்ணீர் ஏறி இறங்கும்போதெல்லாம் கரை அரித்து, ஒன்றிரண்டு சரியும். ஓய்வு பெற்ற பிறகும் ஆரோக்கியசாமி கோடைதோறும் டேப்போடு போய், விளிம்புக்கும் கல்லுக்கும் எத்தனை அடி என்று அளந்து, கரையைக் காப்பாற்றச் சொல்லி மனு எழுதுவார். மறுமுனையைப் பிடிப்பவன், கிராம நிர்வாக அலுவலரான நான். "எங்க கல்லறைத் தோட்டத்துல ஒரு சிலுவ சாஞ்சா ஊரே ஓடியாருது. இவங்களுக்கு ஆருங்க இருக்கறாங்க?" என்பார்.

போன வருடம் கரைக்குக் கல் அடுக்கும் வேலை வந்தது. சந்தோஷத்தில் இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலையாட்கள் தெரியாமல் கல்லறைகளில் கை வைத்துவிடக் கூடாதென்று, கல் கல்லாக வெள்ளைப் பெயின்டில் நம்பர் எழுதினார். மூன்றாம் நாள் போனோம். நம்பர் போட்ட கற்களையெல்லாம் பெயர்த்து, கரையில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். "நம்பர் போட்டா எடுக்கற கல்லுதானுங்களே? குவாரியில அப்படித்தானுங்க" என்றார் மேஸ்திரி. அவரைத் திட்டி என்ன பயன்? ஒரே ஓர் அதிகாரி மனுவைப் படித்துவிட்டு அங்கே வந்து நின்றிருந்தால் போதாதா?

டீக்கடையில் சிரித்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி, "படிச்ச ஆளு செய்யற வேலையா இது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "எம்புத்திதானுங்க" என்றார் ஆரோக்கியசாமி. பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும் வழியில், "உங்களுக்கு இன்னும் சர்வீஸ் இருக்குது, வுடுங்க" என்றார். அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அடக்கத்துக்கு அதே அதிகாரி பெரிய மாலையோடு வந்தார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் மட்டுமல்ல.

பெயின்ட் தீர்ந்ததால் நம்பர் விழாமல் தப்பிய கல்லறைகள் நான்கு. அவருடைய டேப் இப்போது என்னிடம் இருக்கிறது. இந்தக் கோடையில் அளப்பேன். அதற்கு முன், அவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம்பர் போடுங்கள் என்று சொன்னவன் நான். பெயின்ட் டப்பா போனதும் என் வீட்டிலிருந்துதான்.