தங்கைக்கு நான் கொடுத்த பால்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நான்காவது என் தங்கை. அவர் போய் இன்றோடு ஒரு வருடம்.

சங்ககிரிக்குப் பக்கத்தில் பிறந்தார். அம்மா போனபோது அவருக்கு ஆறு வயது. அந்த வருடமே எனக்குக் கல்யாணம். போன வீட்டுக்கு அவரையும் கூட்டிப்போனேன். பிறகு அவரைக் கட்டிக்கொடுத்தோம். லாரி ஓட்டப்போன கணவர் திரும்பவில்லை, பிள்ளையும் இல்லை. யார் கையையும் எதிர்பார்க்காமல் லாரிப் பட்டறையில் தார்ப்பாய் தைத்தார். அவர் தைத்ததில் மழை ஒழுகியதில்லை.

நான்கு வருடத்துக்கு முன், ஊசியில் நூல் கோத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று கேட்டார். சித்திரை வெயிலில் கம்பளி கேட்டார். குரல் கம்மியது, முகம் ஊதியது. வயசாகிவிட்டது என்றார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த நானும் அதையே சொன்னேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் டாக்டரம்மா இரத்தம் எடுத்துப் பார்த்துத் தைராய்டு என்றார். கழுத்தில் சுரப்பது குறைந்தால் மூளைக்குள் சேதி கொண்டுபோகிற ரசாயனமும் மந்தமாகிவிடுமாம். வயது ஏறினாலும் அப்படித்தானாம். இரண்டும் சேர்ந்து வந்தால் எது எதனால் என்று பிரிப்பது கஷ்டமாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, தண்ணீரில் மட்டும் என்றார்.

நான் வளர்த்த நால்வரில் ஒருவரும் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கியதில்லை. குடல் புண்ணாகும் என்று பயம். எனக்குத் தெரியாததா என்ற கர்வமும். நம் மாட்டுப் பாலைக் காய்ச்சி, அதில்தான் கொடுத்தேன். ஒன்றரை வருடம். மாத்திரையின் அளவை இருமுறை கூட்டியும் கேட்கவில்லை. "ஏனுங்க, நீங்க யாரு ஊட்டுக்கு வந்தீங்க?" என்று என்னையே கேட்டார் தங்கை.

எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பால்ல குடுத்தா மருந்து உடம்புல ஒழுங்கா சேராதுங்கம்மா."

அப்புறம் தண்ணீரில் கொடுத்தேன். மூன்றாம் மாதம் கம்பளியை ஒதுக்கினார். ஒரு காலையில் டம்ளரை எட்டிப் பார்த்து, "அக்கா, இன்னைக்குப் பாலு இல்லியா?" என்றார். நினைவு தப்பிய பிறகு அக்கா என்று கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். பத்தாம் நாள் நெஞ்சு நின்றுவிட்டது.

வயதுதான் காரணமாக இருக்கும் என்று எல்லோரும் தேற்றுகிறார்கள். வயது தின்றது எவ்வளவு, என் பால் தின்றது எவ்வளவு? யாரைப் போய்க் கேட்பேன்?

ஒவ்வொரு முறையும் சேலத்துக்குக் கார் ஓட்டி வந்த மருமகனுக்கும், கடைசி நாளில் காட்டுவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர்களுக்கும் என் கும்பிடு. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரை இருந்தால் தண்ணீரில் கொடுங்கள்.

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். பேத்தி எழுதுகிறாள். பால் சங்கதி தங்கையின் இந்த நினைவுப் புத்தகத்தில் வேண்டாம், உறவுக்காரர்கள் படிப்பார்கள் என்று என் மகன் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

சாமி, உங்கப்பன் சொன்னான்னு உட்டுட்டியா? பாலுன்னு வர்ற எடத்துல இருந்து படி, கேக்கறேன்.